அது மைன்ஸ் இருமல்தான் சார்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நர்சிங் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை.

1. சிஸ்டர் சார்

பிரசவமான தாயையும் குழந்தையையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் சுகாதார நிலையத்தின் வேலைகளில் ஒன்று. தாய்க்கு பிரஷர், காய்ச்சல், ரத்தப்போக்கு. குழந்தைக்கு எடை, தொப்புள், மஞ்சள் காமாலை. அதோடு வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் சர்க்கரை, பிரஷர், விடாத இருமல் எல்லாம் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னதோடு சரி. யாரும் பார்ப்பதில்லை.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஆண் நர்ஸ் புதுசு. ‘சிஸ்டர்’ என்று ஆரம்பித்து, மீசையைப் பார்த்துவிட்டு ‘சார்’ என்று முடிப்பார்கள். என்னோடு வரும் ஆஷா ஊழியர் ரீட்டா அக்கா அதையே எனக்குப் பெயராக்கிவிட்டார். எந்த வாசலில் நின்றாலும், “சிஸ்டர் சார் வந்துகீறாரு, கதவத் தெறங்க” என்பார்.

2. நைட் ஷிப்ட்

ஷீலாவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. கணவன் டேவிட் விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் மாமனார் ஆரோக்கியசாமி மட்டும். மைன்ஸ் மூடும் வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர்.

நாங்கள் போனபோது குழந்தை அவர் நெஞ்சின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க அது முழித்திருக்கும், அவருக்கும் இருமலில் தூக்கம் வராது. அதனால் மருமகள் கொஞ்சம் கண் அசரட்டும் என்று குழந்தையை அவர் வாங்கி வைத்துக்கொள்வாராம்.

“நானும் நைட் ஷிப்ட், இவளும் நைட் ஷிப்ட்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு இருமினார். குழந்தை அவர் நெஞ்சோடு சேர்ந்து குலுங்கியது.

எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். ரீட்டா அக்கா, ஷீலா, தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா, மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“அது மைன்ஸ் இருமல்தான் சார்.”

சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்றும் சொன்னார்கள். அவருடைய பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தது. இளைத்துவிட்டீர்களே என்றேன்.

“ஒடம்பு கேஜ் மாதிரி சார். எறங்கும், அப்புறம் ஏறும்.” சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் லிப்டைத்தான் கேஜ் என்பார்கள்.

சளிப் பரிசோதனைக்கான டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. டிபியா என்று கேட்டார். பார்த்தால்தான் தெரியும் என்றேன். டப்பாவை என் பையிலேயே திருப்பிப் போட்டார்.

வெளி ஆட்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் மைன்ஸ் இருமல் ஒரு மரியாதை. பூமிக்குள் இறங்கிப் பாறைத்தூசியை விழுங்கியவன் என்பதற்கு அதுதான் அடையாளம். டிபி என்பது அவமானம். நெஞ்சு ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. அந்தப் பெயருக்காக ஒரு பச்சைக் குழந்தையின் மூச்சைப் பணயம் வைக்கிறார்கள்.

3. குப்பி

நிலையத்துக்கு வந்து மேற்பார்வையாளரிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது.

“உங்க ஏரியால எல்லாரும் இருமுறாங்கப்பா. எல்லாருக்கும் குப்பி குடுத்தா லேப் தாங்குமா? தாய் சேய் பாத்தியா, வந்தியா, அவ்ளோதான்.”

எல்லாரும் இருமுகிறார்கள் என்பது சோதிக்காமல் விடுவதற்குக் காரணமாம். 

அன்று இரவு டேவிட் போன் செய்தான். குழந்தைக்குத்தான் பிறந்தவுடனே டிபி தடுப்பூசி போட்டாச்சே, இனி என்ன வரும் என்றான். அந்த ஊசி எல்லாவற்றையும் தடுக்காது என்றேன். அவன் கேட்கவில்லை.

“எங்கப்பாவ இன்னாத்துக்கு டிபின்றீங்க? தங்கம் எடுத்த ஒடம்பு சார் அது. லைன்ல எங்க பேரக் கெடுக்காதீங்க. இனிமே வராதீங்க.”

போகத்தான் செய்தேன். தாயைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. ஷீலாவுக்கு பிரஷர் பார்க்கும்போது, கிசுகிசுக்காமல், மாமனார் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொன்னேன். டிபியாக இருந்தால் மூச்சுக்காற்றில் பரவும். பெரியவர்களைவிடப் பச்சைக் குழந்தையைச் சீக்கிரம் பிடிக்கும், மூளைவரை போகும்.

ஷீலா கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து பேசாத பெண் என்று அக்கா பிறகு சொன்னார். அவள் எழுந்து போய் அவர் நெஞ்சிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கையை என்னிடம் நீட்டி டப்பாவை வாங்கி அவர் மடியில் வைத்தாள்.

“மாமா, இதுல துப்பிக் குடுங்க. ரிசல்ட் வந்தப்புறம் புள்ளய வாங்கிக்கோங்க.”

அவர் டப்பாவோடு கொல்லைப்பக்கம் போனார்.

4. புகை

டிபி இருந்தது. எக்ஸ்ரேயில் பாறைத்தூசி தின்ற நுரையீரலும் தெரிந்தது. இரண்டுமே உண்மை. மைன்ஸ் இருமல் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் மற்றது ஒளிந்திருந்தது.

குழந்தையைக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நோய் பிடித்திருக்கவில்லை. தடுப்பு மருந்து ஆரம்பித்தார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார்கள். டேவிட் அன்று லீவு போட்டு வந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு நடந்தான்.

குழந்தையிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளி இருங்கள் என்று ஆரோக்கியசாமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் கட்டில் ஏற்கெனவே வெளியே இருந்தது.

“பாறைக்கு வெடி வெச்சு பிளாஸ்டிங் முடிஞ்சா பொக போற வரைக்கும் உள்ள லெவல்ல யாரையும் வுட மாட்டோம் சார். எங்களுக்குத் தெரியாததா?”

அதன்பின் மாத்திரையோடு நான் போகும்போதெல்லாம், வணக்கத்துக்குப் பதிலாக, “பொக போச்சா?” என்பார். ஒரு நாள் டாக்டர், சளியில் கிருமி இல்லை, இனி பரவாது என்றார். பொக போச்சு என்று நான் வந்து சொன்னதும் அவர் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

5. உங்களுக்கு

இந்த ஊரில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த வீட்டில் இருமுகிற எல்லோரும் உங்கள் நோயாளிகள்தான். ‘மைன்ஸ் இருமல்’ என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டுங்கள். ஆட்டிக்கொண்டே டப்பாவை எடுங்கள். லேப் தாங்குமா என்று மேலே கேட்டால், தாங்க வைப்பது யார் வேலை என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டேன். எனக்கு நல்ல பெயர் இல்லை. பரவாயில்லை.

என் அப்பாவும் அண்டர்கிரவுண்டில் கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளியவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் பள்ளியில் இருக்கும்போது அவர் இருமி இருமி இளைத்தார். ஆஸ்பத்திரியில் “மைன்ஸா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம். டானிக் கொடுத்து அனுப்பினார்கள். வேறு எதுவும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி, “மைன்ஸ் இருமல்ல போய்ட்டாரு” என்பார். நான் திருத்துவதில்லை. திருத்துவதற்கு என் கையில் ஒரு ரிசல்ட் இல்லை.