ஒக்ரோபர் கிழமைக்கு ஒரு ஹீட்டர்

பிள்ளைகளே, படகின் உள்சுவரில் ஏன் நாலு ஓட்டை இருக்கிறது என்று சின்னவன் கேட்டான். அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பழைய பாய்ப்படகை 2014இல் இங்கே சுவிஸில், பீல் ஏரியில் வாங்கினேன். ஆறரை மீட்டர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. அதில் உங்கள் அம்மாவோடு ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோடை விடுமுறை சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கே முதலில் கிடைக்கும். என் களஞ்சிய வேலையில் நவம்பர் தொடங்கி நத்தார்ப் பண்டிகை முடியும்வரை லீவே இல்லை. இருவருக்கும் ஒன்றாக வருவது ஒக்ரோபர் கடைசிக் கிழமை மட்டும். அப்போது ஏரியில் குளிர் எலும்பைத் தொடும். அதனால்தான் ஹீட்டர் தேடினேன்.

காஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தேன். அது காற்றைவிடப் பாரம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். விறகடுப்புக்கு இடமில்லை. மிஞ்சியது டீசலும் மண்ணெண்ணெயும்.

மூத்தவள் டீசல் பக்கம் நின்றாள்.

"அப்பா, டீசல் எடுங்கோ. புகை குழாயால வெளியில போயிடும். உள்ளுக்குச் சூட்டுக் காத்து மட்டும்தான் வரும்."

"அது பற்றரியைக் குடிச்சுப்போடும். இரைச்சலும் கூட."

"உங்கட குறட்டையைவிடவோ?"

நான் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஹீட்டரைச் சுவரில் பூட்டினேன். கடைக்காரர் மணம் நீக்கிய எண்ணெயைக் காட்டினார். நான் சாதாரணத்தையே வாங்கினேன். இளவயதில் கடலுக்குப் போனபோது எங்கள் வள்ளத்து இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அந்த மணம் வந்தால் எனக்குக் கரையை விட்டுக் கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தக் கிழமை வந்தது. அம்மா ஓல்டன் நகரில் ரயில் ஏறி வந்தார். நான் முன்னதாகவே போய் ஹீட்டரைக் கொளுத்தி வைத்திருந்தேன். படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி மேலே ஏறிப்போய் இறங்குதுறைப் பலகையில் இருந்துவிட்டார்.

"என்னப்பா, தலை சுத்துதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இது பங்கர் மணம்."

ஊரில் குண்டு விழுந்த காலத்தில் பதுங்குகுழிக்குள் நாள்கணக்காக ஒரு மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்ததாகச் சொன்னார். எவ்வளவோ வருடம் ஒன்றாக வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது. எனக்குக் கடலாக இருந்தது அவருக்குக் குழியாக இருந்திருக்கிறது.

"மணமில்லாத எண்ணெயும் இருக்கு. மாத்தட்டோ?"

"அதுவும் மண்ணெண்ணெய்தானே, இஞ்சாருங்கோ. எனக்குத் தெரியும்தானே."

இரண்டு ரயிலைப் போகவிட்டு, மூன்றாவது ரயிலில் நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அந்தக் கிழமை முழுவதும் வீட்டிலேயே போனது. அம்மா ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த வசந்தத்தில் அதைக் கழற்றினேன், சுவரில் அதன் நாலு ஓட்டை மிஞ்சியது; வேறு இடத்தில் டீசல் ஹீட்டரைப் பூட்டினேன். மூத்தவள் சொன்னது சரி. இரைச்சல் இருக்கிறது, ஆனால் உலர்ந்த சூடு, மணமில்லை. ஆனால் அந்த ஒக்ரோபரில் அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர் நோயில் விழுந்தார், லீவு போய்விட்டது. அடுத்த வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் தனியே போய், பழுதாகாமல் இருக்க ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். எதிர் இருக்கையும் சூடாகும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன ஒக்ரோபரில், ஒரு ஞாயிறு, இரண்டு வேலைநேரத்துக்கு நடுவில் அம்மா வந்தார். படியில் நின்று மூக்கால் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"பரவாயில்லை. எங்க, பாயை விரியுங்கோவன், போவம்," என்றார்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், அவர் சுவரில் சாய்ந்தபடி நித்திரை. நான் கயிற்றைத் திரும்பக் கட்டினேன். மூன்றரைக்கு ரயில். எழுப்ப மனம் வரவில்லை, ஆனால் எழுப்பினேன்.

"அடுத்த முறை ஒரு கிழமை," என்றார், கண்ணைத் திறக்காமலே.