ஜன்னலோரக் கட்டிலில் தட்டியது யார்?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சரியாக 2.10க்கு. பேய்க்கு இருட்டு வேண்டும் என்ற கதையை யார் கிளப்பிவிட்டார்களோ!

நிதர்சனாவுக்கு ஊர் ஓமந்தை. மருத்துவப் படிப்பில் கடைசி வருடம். முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில் பயிற்சி. அன்று டொக்டரும் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது கலிஸ்ராவும் ஒப்பரேஷன் தியேட்டரில் இன்னொரு கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை ஊற்றியது. அறையில் நிதர்சனாவும், ஜன்னலோரக் கட்டிலில் யூலிற்றாவும் மட்டும். யூலிற்றா கடற்கரைக்காரி. முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

"தங்கச்சி, காலமை துவக்கம் பிள்ளை அசையேல்லை. இதுவும் போச்சுதெண்டால் நான் உயிரோட வீட்டை போகமாட்டன்."

பிள்ளையின் துடிப்புப் பார்க்கும் கருவியில் பற்றரி செத்திருந்தது. நிதர்சனா பழைய மரக்குழலை வயிற்றில் வைத்து, காதை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அட்டையில் எழுதினாள்.

"நல்லாத் துடிக்குது அக்கா. பயப்பிடாதேங்கோ."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

கட்டில் கம்பியில் மோதிரம் படுகிற சத்தம்.

"மோதிரத்தாலை தட்டாதேங்கோ அக்கா."

"மோதிரமோ? உள்ளை வரேக்கையே கழட்டி அம்மாட்டைக் குடுத்திட்டன்."

நிதர்சனா பார்த்தாள். யூலிற்றாவின் இரண்டு கைகளும் நெஞ்சில், செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன.

டிக்... டிக்...

எண்ணிப் பழகிய மண்டை தானாக எண்ணியது. 2.14க்கு எண்பத்திநாலு. 2.17க்கு எழுபது. 2.19க்கு அறுபது.

குறைந்துகொண்டே போனது...

யூலிற்றாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடி குழலில் காதை வைத்தாள். விரலிலும் காதிலும் ஒரே அடி. ஒரே நேரத்தில்.

ஐயோ! முதலில் குழலில் எண்ணியது, காய்ச்சலில் ஓடிய தாயின் நாடியை. நாடியையும் கூடவே பிடித்துப் பார் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அப்படியென்றால் பிள்ளையுடையது?

டிக்......... டிக்.........

"டொக்டர்!"

ஓடினாள். ஒரு செருப்பு கழன்று அங்கேயே கிடந்தது.

2.38க்கு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். நீலம்.

அழவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு...

மூன்றாவது நிமிடம் வீரிட்டது. பெண்பிள்ளை.

மாலை ஐந்து மணிக்கு நிதர்சனா செருப்பை எடுக்கப் போனாள். கட்டிலுக்குப் போன கிழமைதான் பெயின்ற் அடித்திருந்தார்கள். தலைமாட்டுக் கம்பியில், கை எட்டுகிற இடத்தில் மட்டும், பெயின்ற் உதிர்ந்து இரும்பு பளபளத்தது.

பின்னால் கலிஸ்ரா நின்றாள். நிதர்சனா எல்லாவற்றையும் சொன்னாள். கலிஸ்ரா அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது சண்டைக்குள்ளை ஆஸ்பத்திரியோட சேர்ந்து, உழவு மிசினிலை இடம்பெயர்ந்து திரிஞ்ச கட்டில். அப்ப நான் வேலைக்குப் புதுசு. இதிலை கிடந்த ஒரு மனுசிக்கு நானும் உன்னை மாதிரித்தான், தாயின்ரை நாடியைப் பிள்ளையின்ரை துடிப்பெண்டு எழுதிப்போட்டன். அவாக்குக் கதைக்கவும் ஏலாது. மோதிரத்தாலை கம்பியைத் தட்டிக்கொண்டே கிடந்தவா. விடியமுன்னம் தாயும் பிள்ளையும் போச்சுதுகள்."

"தட்டினதை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ, மிஸி?"

"நான் கவனிச்சனான். சத்தம் தாங்கேலாமல் அந்த மோதிரத்தைக் கழட்டினதே நான்தான். இன்னும் என்ரை அலுமாரிக்குள்ளைதான் கிடக்கு, தங்கச்சி."