சனிக்கிழமை விசில்

சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை உடுப்புக் காயப்போடும் இரண்டு நீல நிறக் கிளிப்புகள். நீர்வேலியில் வாழைக்குலை அடுக்கும் கொட்டிலில், கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல், சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தில் தோற்கும் சோடி, அடுத்த ஆட்டம் முடியும்வரை ஆளுக்கொரு கிளிப்பைக் காதில் மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கொட்டிலின் சட்டம் அது.

அன்று முதல் ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். என் சோடியான ஓய்வுபெற்ற தபாலதிபர் காதை நீட்டினார். நானும் நீட்டினேன். கொட்டில்காரர் என் வலது காதைப் பார்த்துவிட்டுக் கிளிப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"அண்ணைக்கு வேண்டாம். மெசின் காது."

அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அடுத்த சீட்டுப் போட்டாயிற்று. நான் சீட்டுகளை எடுத்து, வாயிலிருந்த மிக்சரை மென்றேன். செவிக்கருவி கீச்சென்று விசில் அடித்தது. அதே நேரம் தபாலதிபர் ஏலத்தில் இருநூறு கேட்டார்.

எதிர்ச்சோடி கொட்டில்காரரும் அவர் மச்சானும். ஓட்டோ ஓட்டும் அந்த மச்சான் சீட்டை எறிந்தார்.

"உவர் விசில் அடிக்கிறார், அவர் இருநூறு கேக்கிறார்! கள்ளச் சைகை!"

"நான் அடிக்கேல்லை. மெசின் அடிக்குது."

"அப்ப மெசினை வீட்டை வைச்சிட்டு வாங்கோ."

வைத்துவிட்டு வந்தால் எவர் எவ்வளவு கேட்கிறார் என்பது எனக்கு விளங்காது. விளங்காதவர் ஆட முடியாது. கொட்டில்காரர் தன் மருமகனைக் கூப்பிட்டு என் இடத்தில் இருத்தினார். பத்திரிகை வேலையை விட்ட பிறகு, நான் மனிதரோடு வாதாடுவதற்கு எஞ்சியிருந்த ஒரே இடம் அது.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். கருவி பொருத்தித் தந்த பெண் என்னை இருத்தி, கதைத்து, தலையை ஆட்டச் சொன்னார். விசில் வரவில்லை.

"இஞ்சை அடிக்கேல்லையே, ஐயா."

செய்தியாளர்களிடம் கேட்டுப் பழகிய கேள்விகளை என்னிடமே கேட்டேன். எப்போது? சனிக்கிழமைதான் மோசம். அன்று சீட்டுக்கு முன் என்ன செய்கிறேன்? முழுகுகிறேன், சாப்பிடுகிறேன், சைக்கிளில் போகிறேன். அதை உரக்கச் சொன்னதும் அவர் சிறு விளக்கை எடுத்துக் காதுக்குள் பார்த்தார்.

"காதுக்கை எண்ணெய் விடுறனீங்களோ?"

"எண்ணெய் முழுக்கெண்டால் காதுக்கும்தானே?"

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. காதுக்குள் இருக்கும் அச்சு எண்ணெயில் வழுக்குகிறது. அந்த இடைவெளியால் சத்தம் கசிந்து, திரும்பக் கருவிக்குள் போய், விசிலாகிறது. மிச்சத்தை நான் சொன்னேன். அச்சின் விளிம்பு உரசிக் காது புண்ணாகியிருந்தது. "இஞ்சாருங்கோ, ரெண்டு துளி கூட விடுறன், நோ ஆறும்" என்று மனைவி உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டார். அச்சு இன்னும் வழுக்கியது. நான் இன்னும் அழுத்தினேன். புண் பெரிதாகியது. பரிகாரமே நோயை வளர்த்திருந்தது.

புண் ஆறியதும் காதுக்குள் பசையை நிரப்பிப் புதிய அளவு எடுத்தார்கள். முதல் தடவை, படம் பிடிக்க இருப்பவரைப் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். இம்முறை அவர் சப்பச் சொன்னார். தாடை அசையும்போது காதுத்துளையும் அசையுமாம். நான் இல்லாத மிக்சரைச் சப்பினேன்.

புதிய அச்சு மென்மையாக இருந்தது. மாட்டிய அன்று, இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை முழுக்கில் எண்ணெய் தலையோடு நின்றது. "உதென்ன அரை முழுக்கு" என்றார் மனைவி.

அன்று பிற்பகல் கொட்டிலில் ஓட்டோக்காரர் மிக்சர்ப் பையை நீட்டினார்.

"சப்புங்கோ பாப்பம்."

ஒரு கை அள்ளிப் போட்டு மென்றேன். விசில் இல்லை. மருமகன் எழுந்து இடம் விட்டார்.

இரண்டாவது சீட்டில்தான் அதைக் கவனித்தேன். கொட்டில்காரர் சீட்டை எடுத்துப் பார்த்ததும் நாக்கால் மெல்ல ஒரு 'ச்'. உடனே மச்சான் கூட்டிக் கேட்டார். அடுத்த சீட்டில் 'ச்' இல்லை, மச்சான் பாஸ். அதற்கடுத்ததில் மறுபடி 'ச்'. நான் என் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன்.

"விசில் நிண்டிட்டுது. இப்ப ஒரு நாக்குச் சத்தம் கேக்குது."

"என்ன நாக்கு?" என்றார் தபாலதிபர்.

"நல்ல கை வந்தால் ஒருக்கா அடிக்கும். இல்லாட்டி அடிக்காது."

ஓட்டோக்காரர் கூரையைப் பார்த்தார்.

"பல்லிலை மிக்சர் சிக்கினது, அண்ணை" என்றார் கொட்டில்காரர்.

"நல்ல கை வரேக்கை மட்டும் சிக்குமோ?"

தபாலதிபர் சிரித்த சிரிப்பில் அவர் கைச்சீட்டு நிலத்தில் விழுந்தது. "எத்தினை வருசமா எங்கடை காதிலை கிளிப் மாட்டினியள், படுபாவியள்!"

புதிதாகச் சீட்டுப் போட்டோம். நாக்குகள் அடங்கியிருந்தன. தபாலதிபர் இருநூறு கேட்டார். கடைசிப் பிடியை என் துரும்புச்சீட்டு எடுத்தது; நாங்கள் வென்றோம்.

நான் கிளிப்பை எடுத்தபோது கொட்டில்காரர் காதை நீட்டினார். "மெல்லமா, அண்ணை."

"மெசின் காதில்லைத்தானே" என்றேன்.

குலை ஏற்ற வந்த லொறி வாசலில் ஹோர்ன் அடித்தது. அவர் எழுந்து போய்ச் சாரதியோடு கதைத்தார். கிளிப் அவர் காதில் இருந்தது.