மாமாவின் இடக் கன்னமும் வலக் கையும்

கரும்பலகையில் ஒரு மனித உருவத்தை வரைந்து, முகத்தில் இடப் பாதியையும் கழுத்துக்குக் கீழே வலப் பாதியையும் ஆசிரியை சாக்பீஸால் தீற்றினார். பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு வகுப்பு. நான் பெஞ்சை விட்டு எழுந்தேவிட்டேன். அது என் தாய்மாமா!

மாமாவுக்கு அது வந்தபோது எனக்குப் பத்து வயது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது எங்கள் தொழில். அதிலிருந்து நழுவுவது மாமாவின் தொழில். புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்; திண்டுக்கல் தியேட்டரில் இடைவேளை விடுவதற்குள் சரியாகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் தலைசுற்றி விழுந்தார். இரண்டு நாள் விடாமல் விக்கினார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

“அக்கா, இடது கன்னம் மரத்துப்போச்சு. ஆனா மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது. வலது கையில சூடே தெரியல.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. “ஏதாச்சும் ஒரு பக்கமாச் சொல்லுடா. பொய்க்கும் ஒரு ஒழுங்கு வேணாமா?”

மாமா என்னிடம் திரும்பினார். “நீயே சோதிச்சுப் பாரு தாயி.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கண்ணைக் கட்டி, சேலையில் முடிச்சுப் போடும் நூலால் கையை வருடினேன். “தொடுற” என்றார். கன்னத்தை வருடினேன். “தொடுற.”

“பொய்யி! தொட்டா எல்லாம் தெரியுது!” என்று தீர்ப்புச் சொன்னேன். வீடே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

மறுநாள், வழக்கம்போல் சாய அண்டாவில் வலக் கை விரல் விட்டுச் சூடு பார்த்தவர், “இன்னும் காயல” என்று விரலை எடுக்காமலே நின்றார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்தபோது விரல் முழுக்கக் கொப்புளம். பராக்குப் பார்த்தான் என்று அதற்கும் திட்டு விழுந்தது. இன்றும் ஃபேன் காற்றுப் பட்டால் கன்னத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். நாங்கள் ‘புதுப்பொண்ணு’ என்போம்.

தொடுவது ஒரு நரம்புப் பாதை, சூடு இன்னொன்று. மூளைத்தண்டின் ரத்தக்குழாயில் வரும் சிறு அடைப்பு, முதல் பாதையை விட்டுவைத்து மற்றதை மட்டும் கெடுத்துவிடும்; அதுவும் முகத்தில் ஒரு பக்கம், உடம்பில் மறுபக்கம். பத்து வயதில் இது எனக்குத் தெரியாது. அந்தக் கொப்புளத்துக்குப் பிறகும் மாமா என்னை ஒரு சொல் சொல்லாதது ஏன் என்றும் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் போன் போட்டேன்.

“மாமா, ஞாயித்துக்கிழமை வாரேன். மறுபடி சோதிக்கணும்.”

“இப்பவும் கண்ணக் கட்டுவியா?”

“கட்டுவேன். நூலோட ரெண்டு டம்ளரும் வேணும். ஒண்ணுல வெந்நீரு, ஒண்ணுல ஐஸ்தண்ணி. அம்மா பக்கத்துல இருந்து பாக்கட்டும். திங்கக்கிழமை மதுரையில நரம்பு டாக்டரைப் பாக்குறோம்.”



“வெந்நீரை நீயே பதம் பாத்து எடு தாயி,” என்றார். “எனக்கு அளவு தெரியாது.”