யாரும் வராத திருப்பம்

விடிவதற்குள் படூரிலிருந்து கிளம்பி, மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் படகு கிளப்புக்கு வந்துவிட்டேன். அன்று மோட்டார் படகுகளுக்கு நேரப் போட்டி. ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி, தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். காற்று அடங்கட்டும் என்று பதினோரு மணி வரை காக்க வைத்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன், கழற்றினேன். நான்கு டீ குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று டீக்காரரிடம் சண்டை போட்டேன்.

ஒருவழியாகக் கொடி இறங்கியது. பறந்தேன். மிதவை நெருங்கியதும் கை தானாக வேகத்தைக் குறைத்தது, கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. கட்டைவிரல் ஸ்டியரிங்கில் ஹாரனைத் தேடியது. பின்னால் வெறும் தண்ணீர்.

முடிவுப் பட்டியலில் நான்தான் கடைசி.

மிதவை அருகே மீட்புப் படகில் நின்றிருந்த மீனவர் கரைக்கு வந்ததும் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, நல்லாத்தான வந்துகினு இருந்த? பின்னாடி யாருமே இல்லியே, யாருக்கு வழி வுட்ட?"

தினமும் ஓ.எம்.ஆர் சாலையில் யூ-டர்ன் எடுக்கும்போது பின்னால் வந்து என்னை நெருக்கும் தண்ணீர் லாரிக்கு என்று எப்படிச் சொல்வது?

"காத்துண்ணே" என்றேன்.

அவர் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட இல்லை.