பனியில் அடித்த ஒற்றை மணி

கொல்லிமலையில் அரசு நர்சாக வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அவசரத்துக்குப் பிறந்தவர். சோளக்காடு சந்தைக்குக் காய் வாங்கப் போனால் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார். மிளகுத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நடந்துவிடுவார். பாதையின் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. சந்தைக்குப் போயிருந்த அவர் போனை எடுக்கவில்லை.

இப்படி மூடினால் எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிப்பார்கள். சத்தம் வரும் திக்கில் நடந்தால் ஊர் வந்துவிடும். அதற்கு மணியை நன்றாக ஆட்டிவிட வேண்டும். கயிற்றை இழுத்து, அதன் போக்குக்கு விட்டு, மறுபடி இழுத்தால் நாக்கு இரண்டு பக்கமும் விடாமல் மோதும். சாவுக்கு அப்படியில்லை, ஒற்றை அடி, அந்தச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகே அடுத்தது. கோயிலுக்கு வராத மலைக்காரர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒரு கல்யாணத்துக்காகக் கீழே இறங்கியிருந்தார். நானே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். கனத்த மணி, எனக்கு ஆடவேயில்லை. ஓர் இழுப்புக்கு ஓர் அடி. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்தது. கர்த்தரே, சாவு மணியாக அல்லவா விழுகிறது என்று தெரிந்தும் கயிற்றை விட மனசில்லை. ஏதோ ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தால் போதும்.

பக்கத்துத் தோட்டத்து அம்மா பனிக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க நர்சம்மா, ஆருங்க போயிட்டது?"

"யாரும் போகலைங்க. எங்க வீட்டுக்காரரு வழி தெரியாம நிக்கிறாரு."

"ஒத்த மணி அடிச்சாச்சுங்களே," என்றார் அவர். அதற்குப் பிறகு உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் வந்தேவிட்டார், பையும் கையுமாக. அழுதுவிட்டேன். அழுதுகொண்டே நாலு திட்டும் திட்டினேன்.

"பாதையே தெரியலடி. ஒரு பெரியவருதான் முன்னால நடந்து, பள்ளத்துப் பக்கம் போகாம கூட்டியாந்தாரு. மணி கேட்டதும் 'அது எனக்குங்க, நீங்க போங்க சாமி'ன்னு பலாமரத்தடியில உக்காந்துட்டாரு. உடம்புக்கு முடியல போல. வா, பாக்கலாம்."

மூவரும் போனோம். பெரியவர் மரத்தில் சாய்ந்திருந்தார். நாடி பார்க்கக் கையைத் தூக்கினேன். கை மடங்கவில்லை. தாடையும் இறுகியிருந்தது. இந்த வேலையில் எத்தனை உடம்பைத் தொட்டிருக்கிறேன். இது காலையிலேயே போன உயிர்.

தோட்டத்து அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பத்தானடி பேசிட்டு வந்தாரு," என்று என் வீட்டுக்காரர் தன் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார். "நான் விட்டுட்டு வந்திருக்கக் கூடாது. கூடவே இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"இல்லைங்க. நீங்க இந்தப் பக்கம் திரும்பினதும் போயிருக்கும்," என்றேன்.

அவர் அந்த விறைத்த கையைப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து தடுத்துவிட்டேன்.