கௌதள்ளி கிம்ச்சி

மைசூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தின் மாடியில் இருக்கிறது இந்தக் கொரியச் சாப்பாட்டுக்கடை. சோற்றைச் சுற்றி ஆறு கிண்ணங்களில் தொடுகறி. மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான்; ஒவ்வொன்றையும் காலி செய்கிறேன். காலியானதும் சமையல்காரம்மா நிரப்புகிறார். மூன்றாம் தடவை, "ஐயோ, போதும்!" என்று கிண்ணத்தைக் கையால் மூடுகிறேன்.

"தமிழுங்களா? காலியானா நிரப்பறது கொரியாக்காரங்க வழக்கமுங்க" என்று சிரிக்கிறார்.

காரமாகப் புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சி பிரமாதம். யார் செய்தது என்று கேட்கிறேன்.

"நாந்தானுங்க. ஃபேக்டரிக்கு வந்திருக்கற கொரியாக்காரங்க, இதை எந்த ஊர்ல பழகுனேன்னு கேப்பாங்க. கௌதள்ளின்னு, இங்க எல்லையோரம் இருக்கற எங்க ஊரைச் சொல்லுவேன். அது கொரியாவுல எந்தப் பக்கம்னு யோசிப்பாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் திருத்தறதில்லீங்க."